கலைப்பீடத்துக்காகப் பிறந்த மொழி

‘கோடிங் எல்லாம் மெத்ஸ் படிக்கிற பெடியளுக்கு, நீங்கள் ஆர்ட்ஸ்தானே’ என்ற கதையை உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்த நாள் தொட்டுக் கேட்டு வருகிறோம். சொல்பவர்களில் கனபேர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. நாங்களும் அதை நம்பித்தான் வளர்ந்தோம். பல்கலைக்கழகம் வந்த பிறகும் எங்களுக்குக் கணினி என்றால் ஒப்படை டைப் பண்ணுவது, ஸ்லைட் செய்வது என்ற அளவோடு நின்றுவிடுகிறது. ஆனால் இந்தக் கதையின் வரலாற்றைக் கிண்டிப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியவரும். ‘லேசான’ கணினி மொழி என்ற ஒன்று முதன்முதலாகப் பெரிய அளவில் வகுப்புக்கு வந்தபோது, அது கலைமாணவர்களை மனதில் வைத்துத்தான் வந்தது.

ரயிலில் போன அட்டைகள்

1950களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்தில் இருக்கிற டார்ட்மத் கல்லூரியில் அப்போது ஒரு கணினிகூட இல்லை. 1956 இல் அங்கே கணிதம் படிப்பிக்க வந்த தோமஸ் கேர்ட்ஸ், இரண்டு கிழமைக்கு ஒருதரம் துளையிட்ட அட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தள்ளியிருந்த எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்கு ரயில் ஏறுவார். அட்டைகளை அங்கே கொடுத்து, விடை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஓர் அட்டையில் ஒரு துளை பிழைத்திருந்தாலும் அடுத்த பயணம்தான்.

அவரை வேலைக்கு எடுத்தவர் கணிதத்துறைத் தலைவராக இருந்த ஜோன் கெமெனி. புடாபெஸ்டில் பிறந்த யூதர். நாசிகளுக்குப் பயந்து அவருடைய குடும்பம் 1940 இல் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. பிறகு ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளராகவும் இருந்தவர். இந்த இரண்டு பேருக்கும் வந்த கேள்வி சாதாரணமானது. டார்ட்மத் மாணவர்களில் விஞ்ஞானமும் பொறியியலும் படிப்பவர்கள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். மற்றவர்கள் வரலாறு, இலக்கியம், பொருளியல், அரசியல் என்று படிக்கிறவர்கள். நாளைக்கு அரசாங்கத்திலும் கொம்பனிகளிலும் முடிவெடுக்கப்போகிறவர்கள் அவர்கள்தான். கணினியைத் தொட்டே பார்க்காமல் கணினியைப் பற்றி அவர்கள் எப்படி முடிவெடுப்பார்கள்?

அந்தக் காலத்தில் இருந்த ஃபோர்ட்ரான், அல்கோல் மொழிகளை இவர்களுக்குப் படிப்பிக்கலாமா என்று யோசித்துப் பார்த்திருக்கிறார்கள். முற்றுப்புள்ளி, அரைப்புள்ளி விதிகளுக்குள்ளேயே மாணவர்கள் களைத்துப்போவார்கள் என்று தெரிந்தது. அதற்கு முதலே டார்சிம்கோ, டோப் என்று சின்னச் சின்ன மொழிகளைக் கெமெனி செய்து பார்த்திருந்தார். அந்த அனுபவத்தோடு பிறந்ததுதான் பேசிக். ‘தொடங்குநருக்கான, எல்லாத் தேவைக்குமான குறியீட்டுக் கட்டளைமொழி’ என்ற ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. 1964 மே 1, விடியப்புறம் 4 மணி. கெமெனியும் ஒரு மாணவரும் பக்கத்துப் பக்கத்து இயந்திரங்களில் இருந்துகொண்டு ஒரே நேரத்தில் ‘ரன்’ என்று தட்ட, இரண்டு பேருக்கும் சரியான விடை வந்தது.

ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு விடை வந்ததுதான் அந்த நாளின் பெரிய விசயம். ஒரு கணினியைப் பலர் பங்குபோட்டுப் பாவிக்கும் முறையைப் பேசிக்கோடு சேர்த்தே அவர்கள் கட்டினார்கள். அந்த முறைக்கான நிரலை எழுதியவர்கள் ஜோன் மக்கீச்சி, மைக்கல் புஷ் என்ற இரண்டு இளமாணி மாணவர்கள். எங்கட வயதுதான்.

பேசிக்கின் முதல் பதிப்பிலிருந்த கட்டளைச் சொற்கள் 15க்குள் அடங்கிவிடும். கணினிக்குள் நுழைய ‘ஹலோ’ என்றும், வெளியேற ‘குட்பை’ என்றும் தட்டினால் போதும். வரிகளுக்கு 10, 20, 30 என்று இலக்கம் போடுவார்கள். இடையில் ஒரு வரியை மறந்துபோனால் 15 என்று எழுதி நுழைத்துவிடலாம். மறதி மனிதருக்கு வரும் என்று கணக்கில் எடுத்துச் செய்த ஏற்பாடு அது. கணினியைப் பாவிக்க மாணவர்களிடம் காசும் வாங்கவில்லை. நூலகத்தில் புத்தகம் எடுக்க ஆரும் காரணம் கேட்பதில்லையே, அதுபோலத்தான் கணினியும் இருக்கவேண்டும் என்பது கெமெனியின் வாதம்.

ஆனால் ‘எல்லாருக்கும்’ என்ற சொல்லை அப்படியே விழுங்க ஏலாது. 1964 இல் டார்ட்மத் ஆண்கள் மட்டும் படித்த கல்லூரி. பெண்கள் இளமாணி மாணவிகளாக உள்ளே வந்தது 1972 இல், கெமெனியே கல்லூரித் தலைவராக இருந்த காலத்தில். மொழி லேசாகி எட்டு வருடங்களுக்குப் பிறகுதான் வாசல் மற்றப் பாதிப் பேருக்குத் திறந்தது. மொழியின் எளிமையும் வாசலின் திறப்பும் வேறு வேறு விசயங்கள் என்பதை இந்த இடத்திலேயே குறித்துக்கொள்கிறோம்.

ஒரு ஏச்சும் ஒரு மறுமொழியும்

1975 இல் பில் கேட்ஸும் போல் அலனும் அல்டெயர் என்ற சின்னக் கணினிக்குப் பேசிக்கை எழுதிக்கொடுத்தார்கள். மைக்ரோசொஃப்ட்டின் தொடக்கம் அதுதான். அடுத்த பத்து வருடங்களில் வீட்டுக்கு வாங்கிய கணினி பலவற்றில், சுவிட்சைப் போட்டதும் திரையில் வந்து நின்றது பேசிக்தான்.

அதே 1975 இல் நெதர்லாந்தின் பெயர்பெற்ற கணினியியலாளர் எட்ஸ்கர் டெய்க்ஸ்த்ரா ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். முதலில் பேசிக்கைப் பழகிய மாணவர்களுக்குப் பிறகு நல்ல நிரலாக்கத்தைப் படிப்பிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம், அவர்களுடைய மூளை திருத்த ஏலாதபடி பழுதாகிவிட்டது என்பது அதில் அவர் சொன்ன கருத்து. இண்டைக்கும் கோடிங் தெரிந்த ஆட்கள் சிலர் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். டெய்க்ஸ்த்ராவின் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டோம். பேசிக்கில் ‘கோடூ’ என்ற கட்டளையைப் போட்டால் நிரல் எந்த வரிக்கும் தாவும். தாவித் தாவி எழுதிய நிரலை எழுதினவரே அடுத்த மாதம் வாசித்து விளங்கமாட்டார். அந்தத் தாவலுக்கு எதிராக அவர் 1968 இலேயே எழுதியிருந்தார். ஆனால் மொழியில் இருக்கும் குறைக்கு மாணவரின் மூளையைக் குற்றம் சொன்னதில்தான் சிக்கல்.

இதே குறையைப் பார்த்த வேறு இரண்டு பேர் வேறு முடிவுக்கு வந்தார்கள். டெய்க்ஸ்த்ரா முன்னர் வேலை செய்த ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் லாம்பர்ட் மெர்டென்ஸும் லியோ ஹெர்ட்ஸும் அதே 1975 அளவில், பேசிக்குக்குப் பதிலாகத் தொடங்குநருக்கு இன்னும் நல்ல மொழி ஒன்றைச் செய்ய இறங்கினார்கள். பிறகு ஸ்டீவன் பெம்பர்டன் போன்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1980களில் அது ஏபிசி என்ற பெயரோடு வெளிவந்தது. தாவும் கட்டளை அதில் இல்லை. எந்த வரிகள் ஒன்றாகச் சேரும் என்பதை அடைப்புக்குறி போட்டுக் காட்டாமல், உள்ளே தள்ளி எழுதிக் காட்டினார்கள்.

இந்த மொழியில் ஒரு முக்காற்புள்ளி வந்த கதையை நாங்கள் விரும்பிச் சொல்வோம். 1978 இல் போலந்தில் ஒரு சந்திப்பு. மெர்டென்ஸோடு ரொபர்ட் டியுவார் என்ற கணினியியலாளரும் இருந்தார். தாங்கள் எழுதின நிரல் நிரலாக்கம் தெரியாத ஆளுக்கு விளங்குமா என்று பார்க்க, டியுவார் தன் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவருக்கு ஓரிடத்தில் இடறியது. மேல்வரி கீழே தள்ளி எழுதியிருக்கும் வரிகளைப் பற்றித்தான் சொல்கிறது என்பது பார்த்தவுடன் தெரியவில்லை. அதைக் காட்டத்தான் மேல்வரியின் முடிவில் முக்காற்புள்ளி வந்தது. இண்டைக்குப் பைதன் படிக்கும் ஒவ்வொருவரும் போடுகிற, மறந்துவிட்டு ஏச்சு வாங்குகிற அதே முக்காற்புள்ளி. ‘விளங்கேல்ல’ என்று ஒருவர் சொன்னதும், அங்கே திருத்தப்பட்டது மொழி.

நத்தார் விடுமுறையில் வந்த பாம்பு

ஏபிசி தோற்றுத்தான் போனது. வடிவு இருந்தது, வெளியுலகத் தொடர்பு இல்லை. கணினியில் ஏற்கனவே இருக்கும் கோப்புகளை ஏபிசியிலிருந்து எடுத்துப் பாவிப்பது கஷ்டம். புதிதாக ஒரு வசதியை வெளியிலிருந்து சேர்க்க வழியில்லை. பழகலாம், ஆனால் பழகினதை வைத்து உங்கள் சொந்த வேலை ஒன்றைச் செய்து முடிப்பது லேசில்லை.

அந்தக் குழுவில் வேலை செய்த இளைஞர் கைடோ வான் ரொசம். 1989 நத்தார் விடுமுறையில், ஏபிசியில் நல்லதெல்லாவற்றையும் எடுத்து, அதன் பூட்டுகளைக் கழற்றி, ஒரு புது மொழியை எழுதத் தொடங்கினார். மொன்டி பைதன் என்ற பிரித்தானிய நகைச்சுவைக் குழுவின் பெயரைப் பிடித்துப் பைதன் என்று பெயர் வைத்தார். பாம்பு பிறகு சின்னமாக வந்து ஒட்டிக்கொண்டது. 1991 பெப்ரவரியில் அதை இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாக விட்டார். 1999 இல் ‘எல்லாருக்கும் நிரலாக்கம்’ என்ற பெயரில் அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டார்ப்பாவுக்கு ஒரு திட்டம் எழுதினார். வாசிப்பும் எழுத்தும் பரவியதுபோல நிரலாக்கமும் பரவவேண்டும் என்பது அதன் சாரம். பணம் கொஞ்சக் காலத்தோடு நின்றுபோனது. ஆனால் கெமெனியின் கேள்வி 35 வருடங்கள் கழித்து இன்னொருவர் வாயில் திரும்ப வந்திருந்தது. எங்கட நாட்டு உயர்தர ஐசிடி பாடத்திலும் இப்போது பைதன்தான் படிப்பிக்கிறார்கள்.

அடிப்படை எவ்வளவு?

பைதன் போன்றவற்றை ‘ஸ்கிரிப்ட்’ மொழிகள் என்பார்கள். நாடகமும் அரங்கியலும் படித்தவர்களுக்கு ஸ்கிரிப்ட் புதுச்சொல் இல்லை. நடிகரும் மேடையும் வெளிச்சமும் ஏற்கனவே இருக்கும். ஆர் எப்போது வந்து என்ன செய்யவேண்டும் என்று பிரதி சொல்லும். இங்கேயும் கோப்பைத் திறக்கவும், தேடவும், படம் வரையவும் வேறு நிரல்கள் ஏற்கனவே இருக்கின்றன. நாம் எழுதுவது ஒழுங்கை. எழுதின கையோடு ஓடவிட்டுப் பார்க்கவும் முடியும்.

இதில் அடிப்படை என்பது கொஞ்சம்தான். முதலாவது, ஒரு பெறுமதிக்குப் பெயர் வைப்பது:

விலை = 120
எண்ணிக்கை = 3
மொத்தம் = விலை * எண்ணிக்கை

இது உண்மையான பைதன். அப்படியே ஓடும். 2008 இல் வந்த பைதன் 3 தொடக்கம் இப்படித் தமிழில் பெயர் வைக்கலாம். நடுவில் இருக்கும் குறியைக் கணிதத்துச் சமன் என்று வாசித்தால் குழம்பும். ‘எண்ணிக்கை = எண்ணிக்கை + 1’ என்பது கணிதத்தில் பொய். இங்கே அதன் அர்த்தம், பழைய எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி அதே பெயருக்குள் போடு என்பது. ஏபிசிக்காரர்கள் இந்தக் குழப்பத்துக்குப் பயந்து ‘புட்’, ‘இன்’ என்ற சொற்களால், ‘இதை அதற்குள் போடு’ என்ற மாதிரியே எழுதவைத்தார்கள். பைதன் சுருக்கத்துக்காகப் பழைய குறிக்குத் திரும்பியது.

மற்ற மூன்றும் வரிசை, தெரிவு, மீள்செயல். ஒன்றன்பின் ஒன்றாகச் செய், இப்படியென்றால் இதைச் செய், முடியும்வரை திரும்பச் செய். கணிக்கக்கூடிய எதையும் இந்த மூன்றால் எழுதிவிடலாம் என்று பொம், யக்கோபினி என்ற இரண்டு இத்தாலியர்கள் 1966 இல் நிறுவிக் காட்டினார்கள். டெய்க்ஸ்த்ரா ஏசின தாவல் தேவையே இல்லை என்பதற்கான ஆதாரமும் அதுதான்.

இதை வைத்து எங்களுக்கு என்ன பிரயோசனம்? 1998 தொடக்கம் மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை எழுத்து வடிவில் இலவசமாகத் தருகிறது. 2005 தொடக்கம் எங்கட நூலகம் திட்டம் ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி வருகிறது. வரலாறு படிக்கும் ஒருவர் நூறு கோப்புகளில் ‘பஞ்சம்’ என்ற சொல் எந்த வருடத்தில் எத்தனை தரம் வருகிறது என்று பார்க்க விரும்பினால், ஒவ்வொரு கோப்பாகத் திற, சொல் இருந்தால் ஒன்றைக் கூட்டு, கடைசியில் காட்டு என்று பத்துப் பதினைந்து வரி எழுதினால் போதும். எண்ணி முடிந்த பிறகு அந்த வருடம் ஏன் அவ்வளவு என்று கேட்பதுதான் வரலாறு. அந்த வேலையைப் பைதன் செய்யாது.

ஆருக்கு லேசு?

இதுவரை ‘லேசு’ என்று சொன்ன மொழிகள் எல்லாம் ஆங்கிலச் சொற்களால் ஆனவை. ஹலோ, குட்பை, பிரிண்ட், இஃப் எல்லாம் ஆங்கிலம் வீட்டுமொழியாக இருக்கிறவருக்குச் சும்மா விளங்கும். எங்களில் கனபேருக்கு அது இன்னொரு பாடம். பைதனில் ‘பிரிண்ட்’ என்ற செயலுக்குப் ‘பதிப்பி’ என்று இன்னொரு பெயர் வைத்துப் பாவிக்கலாம். ஆனால் இஃப், ஃபோர் போன்றவை மொழியின் எலும்புகள். அவற்றுக்கு வேறு பெயர் வைக்க ஏலாது.

இந்த எலும்பையே தமிழில் செய்து பார்த்தவர் முத்து அண்ணாமலை. அவர் உருவாக்கிய எழில் என்ற மொழியைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை 2009 இல் வந்தது. எழிலில் ஒரு நிபந்தனை இப்படி இருக்கும்:

@( மொத்தம் > 300 ) ஆனால்
    பதிப்பி "கூடிப்போச்சு"
முடி

‘ஆனால்’ எங்கே நிற்கிறது என்று கவனியுங்கோ. ஆங்கிலத்தில் ‘இஃப்’ முன்னால் வரும். தமிழில் நிபந்தனையைச் சொல்லி முடித்த பிறகுதான் ‘ஆனால்’ வரும். சொல்லை மட்டும் மாற்றாமல் வசனத்தின் ஒழுங்கையே தமிழுக்கு மாற்றியிருக்கிறார். எழிலை ஓடவைக்கும் நிரல் பைதனில் எழுதப்பட்டது என்பதால், டார்ட்மத்தில் தொடங்கின அந்தக் கேள்வி ஆம்ஸ்டர்டாம் சுற்றித் தமிழுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது என்று சொல்லலாம். எழிலைப் படித்து வேலை எடுக்கலாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆங்கிலம் வராததால் கோடிங் வராது என்ற பயத்தை அது உடைக்கும். அது போதும்.

இப்ப செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகுதே, ஏன் மினக்கெட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1979 இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்து நடந்தபோது, அதை விசாரிக்க அமைத்த ஆணைக்குழுவுக்குத் தலைவராக இருந்தவர் இதே ஜோன் கெமெனி. கருவிகளின் கோளாறை விட மனிதர் பக்கத்துக் குறைகள்தான், பயிற்சியும் நிர்வாகமும்தான், பெரிய பிரச்சினை என்று அந்த அறிக்கை சொன்னது. இயந்திரம் தருவதைச் சரிபார்க்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். எழுதித்தந்த பத்து வரியை வாசித்து ‘இது பிழை’ என்று சொல்ல, அந்த அடிப்படை நாலும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே எங்கட கோரிக்கை சின்னது. கலைப்பீடங்களில் கணினி வகுப்பு நடக்கும்போது, ஸ்லைட் செய்வதோடு நிற்காமல் ஒரு தவணையாவது இதைப் படிப்பியுங்கோ. அதுவரைக்கும் காத்திராமல் நாங்களே தொடங்கலாம். முதல் பயிற்சியாக ஒன்றைத் தருகிறோம். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று பைதனைக் கேளுங்கோ. 5 என்று சொல்லும். த, ம, இகர விசிறி, ழ, புள்ளி என்று ஒவ்வொன்றையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும், தமிழுக்கு மூன்று எழுத்து. 3 என்று விடை வரும்படி ஒரு நிரல் எழுதிப் பாருங்கோ. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எண்ணாமல் விட ஒரு தெரிவு, ஒவ்வொரு எழுத்தாகப் போய்வர ஒரு மீள்செயல். எழுதி முடித்ததும் ‘ஸ்ரீ’யையும் ‘க்ஷ’வையும் கொடுத்துப் பாருங்கோ. அங்கே பைதன் தெரிந்தால் மட்டும் காணாது, இலக்கணமும் தெரியவேண்டும். அந்த இடத்தில் மெத்ஸ் பெடியள்தான் எங்களிட்ட வந்து கேட்கவேண்டி இருக்கும்.